தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் படர்கிறது

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். லாரி ஓட்டும் கணவருக்கு மூன்று மாதமாக இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாக அரிப்பு. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் 25 ரிங்கிட்டுக்கு வாங்கிய கிரீமைத் தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வருகிறது. இப்போது ஐந்து வயது மகளின் கழுத்திலும் ஒரு வட்டம். உடல் சூடா, கருவாட்டை நிறுத்த வேண்டுமா என்பது அவர் கேள்வி.

கருவாடு தாராளமாகச் சாப்பிடட்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது சூடு இல்லை, படர்தாமரை. வட்டத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் மேடாக, செதில் செதிலாக இருக்கும். நடுப்பகுதி ஆறியதுபோல் தெரியும். தோலின் மேலடுக்கைத் தின்று வாழும் பூஞ்சை அது. நாளெல்லாம் வியர்வையில் ஊறிய இடுப்பு வார் அதற்குத் தோதான இடம். ஒரே துண்டில் துடைத்துக்கொண்டால் பிள்ளைக்கும் தொற்றும்.

கிரீம் ஏன் இரண்டு நாளில் கேட்டது? அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்பதே என் சந்தேகம். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், பூஞ்சையைத் தொடாது. எதிர்த்து நிற்கும் தோலைத் தூங்கவைத்துவிட்டுக் கிருமிக்கு வாசலைத் திறந்துவிடும். மாதக்கணக்கில் தடவினால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு மறையாது. இதே கதையோடு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

விற்பவர் ‘கேகேஎம் லுலுஸ்’, அதாவது சுகாதார அமைச்சு அனுமதித்தது என்று சொல்லியிருப்பார். டப்பாவில் ‘நாட்’ என்று தொடங்கும் எண்ணையும் காட்டியிருப்பார். அது அழகுப் பொருளுக்கு உரிய எண். நிறுவனம் தானே அறிவித்துப் பெறுவது. விற்பனைக்கு முன் அரசு சோதித்துத் தருவதில்லை. மருந்தென்றால் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் மின்னும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்த கிரீம்களைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது ரத்து செய்து பட்டியல் விடுகிறது. சந்தையில் கிரீம் வாங்குகிற அம்மாவுக்கு அந்தப் பட்டியல் எப்படி எட்டும்? தமிழில் ஒரு தட்டியாவது வைக்கக் கூடாதா?

இனி செய்ய வேண்டியது. அந்தக் கிரீமை நிறுத்துங்கள். முதல் சில நாள் அரிப்பு கூடும். பயந்து திரும்பத் தடவாதீர்கள். மகளுக்குப் பார்மசியில் பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பு போதும். காலையும் மாலையும், வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை தடவுங்கள். மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாதீர்கள். பாதியில் விட்டால் மறுபடி முளைக்கும். கணவருக்கு இவ்வளவு பரவிய பிறகு களிம்பு போதாது, மாத்திரை தேவைப்படலாம். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள், குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். ஓரத்துச் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலை. ஆனால் கூட்டத்தைக் காரணம் காட்டி, பார்க்காமலே ஸ்டீராய்டும் சேர்த்து மூன்று மருந்து கலந்த களிம்பை எழுதித் தள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. துண்டு ஆளுக்கொன்று, உள்ளாடையை வெயிலில் காயப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அரிக்காத தேமல் இருந்தால் கவனியுங்கள். தோல் வெளுத்தோ சிவந்தோ இருக்கும், அங்கே வியர்க்காது, முடி உதிர்ந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அது படர்தாமரை அல்ல, தொழுநோயாக இருக்கலாம். உங்கள் கணவருக்கு அரிக்கிறது, அதனால் எனக்கு அந்த அச்சம் இல்லை. ஆனாலும் வீட்டில் எல்லோரையும் ஒருமுறை பாருங்கள். 1930-இல் சுங்கை பூலோவில் நோயாளிகளை ஊருக்கு வெளியே குடியமர்த்திய காலம் போய்விட்டது. ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை எடுத்தால் குணமாகும். பெயருக்குப் பயந்து ஒளித்து வைப்பவருக்குத்தான் விரல் மடங்கிப் போகிறது.

அந்த 25 ரிங்கிட் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். கிளினிக்குக்கு எடுத்துப் போய் டாக்டர் மேசைமேல் வையுங்கள்; எத்தனை நாள் தடவினார் என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.