‘அழாதேம்மா, அது வந்துரும்’: படம் பார்த்துப் பயந்த பையனுக்கு என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த், பாகான் டாலாமில் இருக்கிறோம். என் அப்பா நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பில், தூக்கத்திலேயே தவறிவிட்டார். என் மகனுக்கு எட்டு வயது. தினமும் மோட்டாரில் அவனைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் தாத்தாதான். பள்ளி விடுமுறையில் அக்கா வீட்டில் அவள் பெரிய மகனோடு சேர்ந்து ‘தி பாபடூக்’ என்ற ஆங்கிலப் பேய்ப்படத்தைக் கைத்தொலைபேசியில் முக்கால்வாசி பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து விளக்கை அணைக்க விடுவதில்லை. தாத்தா அறைப்பக்கமே போவதில்லை. நான் கண் கலங்கினால் ‘அழாதேம்மா, அது வந்துரும்’ என்று கத்துகிறான். ‘அந்தம்மாவுக்குள்ள அது பூந்துருச்சு’ என்று ஒருநாள் சொன்னான். அவன் அலறியதால் கூடத்தில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக்கூடக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அழுகை வந்தால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். அம்மா, காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரிக்கலாம் என்கிறார். எல்லாம் பொய் என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்க மாட்டேன் என்கிறான். டாக்டரிடம் போக வேண்டுமா?

பதில்: சகோதரி, ‘அந்தம்மாவுக்குள்ள அது பூந்துருச்சு’ என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அவன் பயம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கட்டிலுக்கடியில் பூதம் இருக்குமோ என்ற பயம் அவனுக்குக் கொஞ்சம்தான். அழுது அழுது நீங்கள் வேறு ஆளாக மாறிவிடுவீர்களோ என்ற பயம்தான் பெரிது. நீங்கள் அவனுக்காகப் படத்தைக் கழற்றினீர்கள், குழாயைத் திறந்துவிட்டு அழுதீர்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அவன் கண்ணில் அது எப்படித் தெரியும்? ‘அம்மாவுக்கும் அது தெரியும்போல, அதனால்தான் ஒளிந்து அழுகிறார்’ என்றுதான் தெரியும். அழுத முகத்தோடு வெளியே வரும் அம்மாவைக் குழாய்ச் சத்தம் மறைக்காது; எட்டு வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருப்பான்.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் அவனோடு பேச முடியும். அது 2014-இல் வந்த ஆஸ்திரேலியப் படம், ஜெனிஃபர் கென்ட் இயக்கியது. பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போகும் வழியில் கார் விபத்தில் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, தன் மகனைத் தனியாக வளர்க்கிறாள். கணவனின் பொருள்களையெல்லாம் நிலவறையில் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறாள். அவரைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. மகன் பிறந்த நாளும் கணவன் இறந்த நாளும் ஒன்று என்பதால் அந்தத் தேதியில் பிறந்தநாள் கொண்டாடியதே இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு கதைப் புத்தகத்தின் வழியாக அந்தப் பூதம் வருகிறது. கறுப்புக் கோட்டு, உயரத் தொப்பி. கடைசியில் அம்மாவுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது; பெற்ற பிள்ளையையே அவள் கொல்லப் பார்க்கிறாள். பெரியவர்களுக்கு எடுத்த படம். அதை நல்ல படம் என்றே சொல்வேன்; ஆனால் தாத்தாவை இழந்து சில மாதங்களே ஆன பிள்ளை பார்க்க வேண்டிய படம் இல்லை.

அந்தக் கதையில் பூதத்தை வளர்த்தது அழுகை இல்லை, பூட்டுதான். பேசாமல் பூட்டிவைத்த துக்கத்தில்தான் அது கொழுக்கிறது. உங்கள் மகன் அதை நேர்மாறாகப் பிடித்துக்கொண்டான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது; முக்கால்வாசியோடு நிறுத்திவிட்டானே. முடிவு அவனுக்குத் தெரியாது. அவன் மனதில் அந்த அம்மா இன்னும் பூதமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் மீதிக் கதையைச் சொல்லுங்கள். படத்தைப் போட்டுக் காட்ட வேண்டாம், வாயால் சொன்னால் போதும். பகல் நேரத்தில், சாப்பிட்டு முடித்த பிறகு, ‘நீ பாதியிலேயே எழுந்துட்டியாமே, அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?’ என்று சாதாரணமாகத் தொடங்குங்கள். அந்த அம்மாவுக்குள் இருந்து அது வெளியே வந்துவிடுகிறது. அம்மா தன் மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளையைத் தொடாதே என்று அதை எதிர்த்துக் கத்துகிறாள். அது அப்படியே சுருண்டு விழுந்து நிலவறைக்கு ஓடிவிடுகிறது. அப்புறம் முதன்முறையாகப் பிறந்த நாளன்றே மகனுக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறாள். இவ்வளவு போதும். அது சாகாமல் நிலவறையில் இருப்பதும், அம்மா போய் அதற்குப் புழு போட்டுவிட்டு வருவதும் படத்தில் உண்டு. அவனாகக் கேட்டால் மறைக்காதீர்கள், கேட்காவிட்டால் இப்போதைக்கு வேண்டாம்.

எனக்கு அந்தப் புழுக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் நம் பினாங்குதான் நினைவுக்கு வரும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் தெருவோரத்தில் சோறும் பழமும் வைத்துப் பசித்த ஆவிகளுக்குப் படைக்கிறார்கள், மாதம் முடிந்ததும் வழியனுப்பிவிடுகிறார்கள். நாமும் திதியில் இலை போட்டுப் படைக்கிறோம், காக்கைக்குச் சோறு வைக்கிறோம், அப்புறம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறோம். துக்கத்துக்கு ஒரு நாள், ஒரு இலை, ஒரு இடம். எட்டாம் துக்கத்திலும் பதினாறாம் நாள் காரியத்திலும் உங்கள் மகன் எங்கே இருந்தான்? ‘சின்னப் பிள்ளை, வேண்டாம்’ என்று பக்கத்து வீட்டில் விட்டிருந்தால், தாத்தா போனதற்கு அழ அவனுக்கு ஓர் இடமே கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று. ‘தூங்கும்போதே போயிட்டாரு, புண்ணியம் பண்ணவரு’ என்று அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பெரியவர்களுக்கு அது ஆறுதல். பிள்ளைக்கோ, தூங்கினால் போய்விடுவோம் என்று கேட்டிருக்கும். விளக்கை அணைக்க விடாததற்குப் படம் மட்டும் காரணமாக இருக்காது. இரவில் எழுந்து உங்கள் மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் அப்படிச் செய்வதுண்டு. 1948-இல் மரியா நாகி என்ற ஆய்வாளர் புடாபெஸ்ட் பிள்ளைகளிடம் மரணம் என்றால் என்ன என்று கேட்டு எழுதிய ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகள் பலர் மரணத்தை, வந்து தூக்கிக்கொண்டு போகும் ஓர் ஆளாகவே நினைத்தார்கள். உங்கள் மகன் மனதில் அந்த ஆளுக்கு முகம் இல்லாமல் இருந்தது. படம் ஒரு கோட்டையும் தொப்பியையும் மாட்டிவிட்டது.

எனவே உண்மைக் காரணத்தை அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். தாத்தாவுக்கு நெஞ்சில் இரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டது, அதனால் இதயம் நின்றுவிட்டது. தூங்கியதால் சாகவில்லை. யாரும் வந்து கொண்டுபோகவில்லை. நீ செய்த எதனாலும் ஆகவில்லை. கடைசி வாக்கியத்தை அவன் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ‘சாமி கூட்டிக்கிட்டாரு’ என்பதைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

‘எல்லாம் பொய்’ என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜோஆன் கேன்டர் சொல்வது இது: ஏழெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விளக்கம் அவ்வளவாக உதவாது, கட்டிப்பிடிப்பதும் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பதும்தான் உதவும், அதற்கு மேலே போகப்போக விளக்கமும் வேலை செய்யத் தொடங்கும். உங்கள் மகன் சரியாக அந்த எல்லையில் நிற்கிறான், ஆகவே இரண்டையும் செய்யுங்கள். இரவில் விளக்கம் வேண்டாம். பக்கத்தில் படுங்கள், முதுகைத் தடவிக்கொடுங்கள். பகலில் அந்தப் பூதத்தை எப்படிச் செய்தார்கள் என்று பேசுங்கள். அந்தப் படத்தில் கணினி வேலை மிகக் குறைவு. பொம்மையை அசைத்து அசைத்து ஒவ்வொரு படமாக எடுப்பது போன்ற பழைய உத்திகள்தான். கார்ட்போர்டை வெட்டி அவனையே ஒரு பொம்மை செய்து, உங்கள் தொலைபேசியில் அசைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

ராத்திரியில் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடுவது, ‘பூத மருந்து’ என்று தண்ணீர் தெளிப்பது இதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. தேடினால், தேட ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும்.

தாத்தாவின் அறைக்கு வருவோம். கதவுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்று போய்ப் பாருங்கள். மோட்டார் ஓட்டும் நம் ஊர்த் தாத்தாக்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வார்களே, அது ஆணியிலும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கலாம், மேலே ஹெல்மெட்டோ தொப்பியோ இருக்கலாம். அந்தப் படத்தில் நிலவறைச் சுவரில் கணவனின் உடுப்பும் தொப்பியும் ஓர் ஆள் நிற்பதுபோலவே மாட்டியிருக்கும். அரை இருட்டில் உங்கள் மகன் எதைப் பார்த்தான் என்று உங்களுக்கே புரிந்துவிடும். அதற்காக ஜாக்கெட்டை எடுத்து ஒளித்துவிடாதீர்கள். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய ஒரு சின்னப் பையனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். இன்றும் பயத்துக்கு நாங்கள் செய்வது அடிப்படையில் அதுதான். காலையில், வெளிச்சத்தில், ஜாக்கெட்டை ஆணியிலிருந்து எடுத்து, உங்களுக்குத் துவைக்க மனமிருந்தால் துவைத்து, அவன் கண்ணெதிரில் கொடியில் போடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அவன் மைலோ குடிக்கும்போது பக்கத்து நாற்காலியில் மடித்து வையுங்கள். பையில் பழைய பெட்ரோல் ரசீதோ மிட்டாயோ இருக்கிறதா என்று சேர்ந்து தேடிப் பாருங்கள். அவனாகத் தொட்டால் தொடட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். அறைக் கதவைப் பகலில் திறந்தே வையுங்கள். முதலில் வாசலில் நின்று பேசுவது, அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம், அந்த வேகம் போதும்.

அப்பாவின் படத்தை இந்த வாரமே மீண்டும் மாட்டுங்கள். பூ போடுவதை அவனிடமே விடுங்கள். மாட்டேன் என்றால் நீங்கள் போடுங்கள்.

இனி அழுகை. அழுகை வந்தால் அவன் எதிரிலேயே அழுங்கள். அழுதுகொண்டே சொல்லுங்கள்: ‘தாத்தா ஞாபகம் வந்துருச்சுடா, அதான் அழறேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.’ பிறகு முகம் கழுவுங்கள், சோறு வையுங்கள், பள்ளிப்பையைப் பாருங்கள். அழுத அம்மா திரும்பி வருவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்தால் போதாது. பலமுறை பார்த்தால்தான் அழுதால் வரும் என்ற கணக்கு உடையும். இதற்கு ஈடாக நான் சொல்லக்கூடிய விளக்கம் எதுவும் இல்லை. அவன் ஐந்து நிமிடம் அழுதுவிட்டு உடனே விளையாட ஓடினாலும் தவறாக நினைக்காதீர்கள். பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான் வந்து வந்து போகும்.

உங்கள் அம்மாவிடம் சண்டை வேண்டாம். கோயிலுக்குப் போவது, திருநீறு பூசுவது, தூங்கும்முன் சாமி கும்பிடுவது எல்லாம் அவனுக்குத் தைரியம் தரும். ஆனால் ‘உன்னை ஏதோ பிடித்திருக்கிறது’ என்ற சொல் மட்டும் அவன் காதில் விழக்கூடாது. ஒன்று ஆளுக்குள் புகுந்துவிடும் என்றுதானே ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கிறான். பாட்டிக்கு வேறொரு வேலை கொடுங்கள்: தாத்தாவின் இளவயதுக் கதைகளைச் சொல்லச் சொல்லுங்கள்.

டாக்டர் விஷயம். நான்கு மாதத்தில் இவ்வளவு துக்கமும் பயமும் இருப்பதை நோய் என்று சொல்ல மாட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடே, குறைந்தது ஆறு மாதம் தீவிரமாக நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால்தான் நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. மேலே சொன்னவற்றை ஒரு மாதம் செய்து பாருங்கள். ஆனால் பள்ளிக்கே போக மறுத்தால், சாப்பாடு குறைந்து எடை இறங்கினால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால் காத்திருக்க வேண்டாம். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) 1 ரிங்கிட் கட்டிப் பார்த்து, பினாங்கு பொது மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தாத்தாவிடமே போய்விடுகிறேன் என்று அவன் சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. போனவர் உங்கள் அப்பா. நான்கு மாதமாகக் குளியலறையில் அழுதுகொண்டிருக்கிறீர்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவித் தொலைபேசி எண் 15555. அது பிள்ளைகளுக்கு மட்டுமானதில்லை, நீங்களும் பேசலாம். அக்காவோடு பேச முடிந்தால் அது இன்னும் நல்லது. அவருக்கும் அவர்தானே அப்பா. போகும்போது அக்கா மகனைத் திட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். தம்பியிடம் அவனே ‘எனக்கும் பயமாத்தான்டா இருந்துச்சு’ என்று சொன்னால், நாம் சொல்வதைவிட அது அதிகம் எடுபடும்.