ரூவான் கல்லறைப் படம்: சான்றிதழுக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். பிரான்ஸின் ரூவான் நகரப் பேராலயத்தில் உள்ள அம்புவாஸ் கர்தினால்களின் கல்லறையைக் காட்டும் பழைய கல்லச்சுப் படம் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் லித்தோகிராஃப்) ஒன்றைச் சந்தையில் 60 யூரோவுக்கு வாங்கினேன். கீழ் ஓரத்தில் 'எங்கெல்மான்' என்று அச்சாகியிருக்கிறது. பென்சில் கையெழுத்தோ வரிசை எண்ணோ இல்லை. அசல் என்று சான்றிதழ் வாங்கித் தர ஒருவர் 150 யூரோ கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பென்சில் கையெழுத்தும் எண்ணும் போடுவது பிற்கால வழக்கம். 1820-களின் படத்தில் அவற்றைத் தேடுவதே தவறு. எங்கெல்மான் 1816-இல் பாரிஸில் கல்லச்சுக்கூடம் திறந்தவர். பாரன் டெய்லரும் நோடியேவும் 1820 முதல் வெளியிட்ட பழைய பிரான்ஸ் பயணத் தொகுதிகளுக்கு நிறைய அச்சிட்டார். உங்கள் தாளும் அப்படியொரு தொகுதியிலிருந்து வந்திருக்கலாம். முழுப் புத்தகத்தைப் பிரித்து, தாள் தாளாகச் சட்டம் போட்டு விற்பவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஒரு நூல் அதோடு அழிந்துபோகிறது, கேட்பார் இல்லை.

சரி, நீங்களே சோதிக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். கோடுகள் சொரசொரப்பான சுவரில் சாக்பீஸால் இழுத்ததுபோல ஒழுங்கற்ற பொடிப்பொடியாக இருந்தால் கல்லச்சு. சீரான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால நகல்.

ஒன்றில் மட்டும் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்தில் மெல்லிய சீனத்தாளில் படத்தை அச்சிட்டு, அதே அழுத்தத்தில் தடித்த தாளோடு ஒட்டுவதும் உண்டு. படத்தைச் சுற்றி சற்றே வேறு நிறத்தில் ஒரு செவ்வகம் தெரியும். அதைப் பார்த்து 'ஒட்டுவேலை, போலி' என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். நம்பாதீர்கள், அதுவும் அசல்தான். மஞ்சள் போக வேண்டுமென்று தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பசை இளகி மேல்தாள் கழன்று வந்துவிடும்.

அப்புறம் அந்தச் சான்றிதழ். பிரான்ஸில் 'எக்ஸ்பெர்' (நிபுணர்) என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. இத்தனை ஆண்டுகளாக இதைத் திருத்தாமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பொறுமையே போய்விட்டது. 60 யூரோ படத்துக்கு 150 யூரோ காகிதம் எதற்கு?

அந்தப் பணத்தில் அமிலமில்லாத அட்டை போட்டு நல்ல சட்டம் மாட்டுங்கள். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் ஓரத்தை வெட்டப் பார்ப்பார், விடாதீர்கள். எங்கெல்மான் பெயர் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.