கண் அழுத்த ரீடிங் கூடுதலாக வருவதற்கு வீடியோ வகுப்பு உதவாது
கண் அழுத்தம் டாக்டர் பார்த்தால் 16, அதே கண்ணில் நீங்கள் பார்த்தால் 21, அதனால் இந்த வருடத் தொடர்கல்விக்கு இன்னொரு ஆன்லைன் டோனோமெட்ரி (கண் அழுத்தம் அளக்கும் முறை) வகுப்பு எடுக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். ஸ்லிட் லாம்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையைப் பார்த்துத் திருத்துகிற செய்முறைப் பயிற்சியாகத் தேடுங்கள், ஆனால் அந்த மணிநேரம் உங்கள் சான்றிதழுக்குச் செல்லுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதுவரை, இமையைத் தூக்கும்போது விரல் விழியை அழுத்துகிறதா என்று கவனியுங்கள் (பெரும்பாலும் இதுதான்), அழுத்தினால் அளவு கூடும். கண்ணில் இடும் ஃப்ளோரசின் சாயம் அதிகமாகி, கருவியில் தெரியும் அரைவட்டங்கள் தடித்தாலும், நோயாளி மூச்சை அடக்கினாலும் அப்படித்தான். அப்புறம், டாக்டர் வேறு கோல்ட்மேன் கருவியில் (கண் அழுத்தம் அளக்கும் கருவி) பார்க்கிறார் என்றால் உங்களுடையதை 0, 20, 60 mmHg அளவுகளில் சரிபார்த்துவிடுங்கள்.