கவுண்டி அரசியலுக்கு ஐவி லீக் எதற்கு?

ஹூஸ்டன் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். பதினொன்றாவது படிக்கும் மகள் கவுண்டி கமிஷனர் ஆகப்போகிறேன் என்கிறாளாம். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது, கமிஷனர் என்பது அதை நடத்தத் தேர்தலில் ஜெயித்து வருபவர். டல்லாஸ் பெரியப்பா டாக்டருக்குப் படிக்கச் சொல்கிறார். அத்தையோ, அரசியல்தான் என்றால் ஹார்வர்ட், யேல் மாதிரியான ஐவி லீக் பல்கலையில் பொலிட்டிகல் சயின்ஸ், அப்புறம் சட்டம் என்கிறார். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

உங்கள் பதற்றம் புரிகிறது, சார். ஆனால் மகள் கேட்டதற்கு இந்த இரண்டுமே பதில் இல்லை. மருத்துவத்தில் அவளுக்கு நாட்டமில்லை. அந்தப் பேச்சை அதோடு விடுங்கள். அத்தை சொல்லும் வழிதான் ஆபத்து. பார்க்கக் கௌரவமாக இருக்கும், ஏழு வருடக் கடனைத் தலையில் கட்டிவிடும்.

டெக்சஸில் கமிஷனர் ஆகச் சட்டப் பட்டம் தேவையில்லை. அவர்களுக்குத் தலைமை தாங்கும் கவுண்டி ஜட்ஜுக்கும் அது கட்டாயமில்லை; பெயர்தான் ஜட்ஜ், முக்கிய வேலை நிர்வாகம். லினா ஹிடால்கோ கொலம்பியாவில் பிறந்தவர். 2018-இல் 27 வயதில், அதற்குமுன் எந்தப் பதவியிலும் இல்லாமல், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டிக்கே ஜட்ஜாகத் தேர்வானார். சட்டப் படிப்பை முடித்திருக்கவில்லை. ஹாரி ட்ரூமன் கல்லூரிப் பட்டமே இல்லாதவர். துணிக்கடை நொடித்த 1922-லேயே மிசௌரியின் ஜாக்சன் கவுண்டியில் இதேபோன்ற நிர்வாக ஜட்ஜ் பதவிக்கு ஜெயித்தார். 1924-இல் தோற்றார். அடுத்த தேர்தல் வரை கார் கிளப்புக்கு உறுப்பினர் சேர்த்து வீட்டை ஓட்டினார். 1926-இல் திரும்பி வந்து சாலைகள் போட்டார். ஜனாதிபதி ஆனதெல்லாம் பின்கதை.

உறவுக்காரர்கள் இந்தக் கார் கிளப்பைக் கவனிப்பதில்லை. தேர்தலில் தோற்றால் மறுநாள் போக ஒரு வேலை வேண்டும். அதற்குத்தான் படிப்பு.

நான் சொல்வது பொது நிர்வாகப் படிப்பு. மாநிலப் பல்கலையில் உள்ளூர்க் கட்டணத்தில் இளங்கலை, வேலைக்குப் போனபின் முதுகலை. எக்ஸெலும் கணக்கும் கைவந்தால் கவுண்டியின் பட்ஜெட் அலுவலகம், தேர்தல் பிரிவு, வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை என்று கதவுகள் உண்டு. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஹார்வி புயல் அடித்த மறுவருடம், 2018 ஆகஸ்டில், வெள்ளத் தடுப்புக்காக 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஹாரிஸ் வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். எந்தக் கால்வாயை முதலில் அகலப்படுத்துவது, எந்தத் தெரு காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும். அவர்கள் மேசைக்குப் போகும் அட்டவணையைத் தயாரிப்பது இந்த அலுவலர்கள். சிறை, சாலை, வரி விகிதம் எல்லாம் அதே மேசைதான். ஜட்ஜும் கமிஷனர்களும் கூடும் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம். உங்கள் மகள் ஒருநாள் போய் உட்காரட்டும். மூன்று மணி நேரம் வடிகால் ஒப்பந்தம் கேட்டபிறகும் கண் சொக்காவிட்டால், ஆசை நிஜம்.

இன்னொன்று, டெக்சஸில் 16 வயதான குடிமக்கள் பள்ளி மாணவர்களாக இருக்கும்போதே வாக்குச்சாவடியில் கிளார்க்காக வேலை பார்க்கலாம். அடையாள அட்டை பார்ப்பது, பட்டியலில் பெயர் தேடுவது, 'இந்த முகவரி பழசு' என்று எரிந்து விழும் தாத்தாவைச் சமாளிப்பது. சம்பளமும் உண்டு. விவாதக் கிளப் கோப்பைகளைவிட இதற்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

பணத்தில் மட்டும் நான் கறார். வீட்டை அடகுவைத்துத் தனியார் பல்கலைக்கு அனுப்பாதீர்கள். மத்திய அரசுக் கல்விக் கடன் என்றால், கவுண்டி போன்ற அரசு அமைப்பில் முழுநேர வேலை பார்த்து 120 மாதத் தவணை கட்டியபின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை, கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். பெரிய கவுண்டியில் கமிஷனர் பதவிக்கு, கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்சுற்றுத் தேர்தலில் நிற்க வேட்புமனுக் கட்டணம் 1,250 டாலர். பிரசாரம் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அந்தப் பணத்தை அவள் பின்னாளில் திரட்டிக்கொள்வாள். உங்கள் ஓய்வூதியச் சேமிப்பில் கைவைக்க வேண்டாம்.

கிளார்க் வேலைக்குப் பெற்றோர் ஒப்புதலும் பள்ளி முதல்வரின் அனுமதியும் வேண்டும். பெரியப்பாவுக்குப் பதில் எழுதுவதற்கு முன் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.