எதற்கு எம்.எல்.ஏ., எதற்கு எம்.பி.? சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். மறுநடவு மானியத்துக்கு விண்ணப்பித்து நாளாகிறது. சேலம் எம்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுத்தும் பதில் இல்லை.

பதில்: சேலம் எம்.பி. உங்கள் எம்.பி. அல்ல. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. ஆத்தூரும் கெங்கவல்லியும் அப்படியே. மேட்டூர் தருமபுரியோடும் சங்ககிரி நாமக்கல்லோடும் போய்விட்டன. மாவட்டத்தின் 11 தொகுதிகளில் ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, சேலம் வடக்கு, மேற்கு, தெற்கு ஆகிய ஆறு மட்டும்தான் சேலம் எம்.பி.யின் கீழ் வருகின்றன. மலையிலிருந்து எதற்கெடுத்தாலும் சேலத்துக்கு இறங்குகிறவர்கள் இந்த இடத்தில் தவறுவது இயல்புதான்.

எம்.எல்.ஏ.வை விட்டு எம்.பி.யிடம் போனது சரி. மறுநடவு மானியம் தரும் காப்பி வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ஆனால் "மானியம் வாங்கித் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால், அவர் அலுவலகம் ஒரு பரிந்துரைக் கடிதம் போடுவதோடு வேலை முடிந்துவிடும். அதைவிட வலுவானது மக்களவைக் கேள்வி. எழுத்துமூலம் பதில் தரவேண்டிய கேள்விகள் ஒரு நாளைக்கு 230 வரை எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் கேள்விகள் 20தான், அதிலும் நேரம் எட்டுவது சிலவற்றுக்கே. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் நோட்டீஸ் தர வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். குலுக்கலில் கேள்வி தேர்வாகவும் வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே விவரத்தைக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

கேள்வியைத் தள்ளுபடி ஆகாதபடி எழுதிக் கொடுப்பதும் முக்கியம். "ஏற்காட்டு விவசாயிகள் புறக்கணிக்கப்படுகிறார்களா?" என்பது கருத்துக் கேட்பது, அனுமதி கிடைக்காது. "கடந்த மூன்று ஆண்டுகளில் சேர்வராயன் மலைப் பகுதியிலிருந்து வந்த மறுநடவு மானிய விண்ணப்பங்கள் எத்தனை, அனுமதிக்கப்பட்டவை எத்தனை, நிலுவைக்குக் காரணம் என்ன?" என்று 150 சொற்களுக்குள் எழுதுங்கள். பதில் மக்களவை இணையதளத்தில் நிலையாக இருக்கும். அதை அச்செடுத்து வாரிய அலுவலகத்துக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால், அது உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்பட்டு அரசு உறுதிமொழிக் குழுவின் கண்காணிப்புக்குப் போகலாம். அதை நிறைவேற்ற மூன்று மாதக் கெடு உண்டு. பலர் கவனிக்காமல் விடும் கதவு இது.

கேள்வி: மலைக் கிராமத்துக்குச் சாலை போட எம்.எல்.ஏ. நிதி ஒதுக்கத் தயார். வனத்துறை தடுக்கிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பரிந்துரைப்பது உறுப்பினர், நிர்வாக அனுமதி தருவது ஆட்சியர், வேலையைச் செய்வது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். நிலம் வனத்துறையுடையது என்றால் மதிப்பீடு அங்கேயே நின்றுவிடும். இதற்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பயன்படுத்துங்கள். சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம் தரலாம். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம்.

முதலில் அளவைப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலத்தில் 3 கிலோமீட்டர் என்றால் 9,000 சதுர மீட்டர், அதாவது 0.9 ஹெக்டேர். எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் மலைச்சாலையில் வளைவுகள் அகலமாகும், தடுப்புச் சுவரும் வடிகாலும் இடம் பிடிக்கும். தார் விழும் அகலத்தை மட்டும் கணக்கிட்ட மதிப்பீடுதான் அளவையின்போது 1 ஹெக்டேரைத் தாண்டித் திரும்பி வரும். பொறியாளரிடம் மொத்த அகலத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே சாலையை இரண்டு துண்டாகக் காட்டித் தப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் முழுப் பணியும் முடங்கும்.

கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப்பேராவது இருந்து தீர்மானம் நிறைவேற வேண்டும். கையெழுத்துப் பட்டியல் குறைந்தால் கோப்பு திரும்பிவிடும். அதன்பின் ஒன்றியம் உரிய படிவத்தில் வனச்சரகர் வழியாக மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பிக்கும். அவர் ஒப்பவில்லை என்றால் முடிவு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். எம்.எல்.ஏ.வின் உதவி உண்மையில் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று அவர் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பாதை எஸ்டேட் நிலத்தின் வழியாகப் போகிறதா? அங்கே இந்தச் சட்டம் உதவாது. உரிமையாளர் அந்தப் பகுதியை ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுக்காமல் பொதுநிதியைத் தொட முடியாது. "நடந்துபோகத் தடையில்லை" என்ற வாய்ச்சொல் போதாது.

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். ஜி.எஸ்.டி. குறைய எம்.பி.யிடம் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் அவரிடம் மட்டும் போனால் பாதி வேலைதான். வரி விகிதம் எவ்வளவு என்பது ஜி.எஸ்.டி. மன்றத்தில் முடிவாகிறது. அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். தமிழ்நாட்டின் சார்பில் அங்கே பேசுவது மாநில அரசு. ஆகவே உங்கள் எம்.எல்.ஏ. மூலம் மாநில நிதியமைச்சருக்கும் மனு போக வேண்டும். வெள்ளி நகைக்கு 3 சதவீதம், செய்கூலிக்கு 5 சதவீதம் என்ற இரண்டில் எது உங்களைப் பாதிக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள். ஒரு கிலோ கொலுசுக்குக் கூலி, சேதாரம், வரி என்ற கணக்கை ஒரே பக்கத்தில் இணையுங்கள்.

கேள்வி: மலையாளி (கேரளத்தவர் அல்ல, இங்குள்ள மலைவாழ் மக்கள்) பழங்குடிச் சான்றிதழுக்கு எம்.எல்.ஏ. கடிதம் உதவுமா? ஈரோடு மலைப்பகுதியில் இருக்கும் எங்கள் சொந்தங்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?

பதில்: கடிதத்தால் சான்றிதழ் வராது. பழங்குடியினருக்குச் சான்றிதழ் தருவது வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். அவர் விசாரணை நடத்தித்தான் தருவார். தந்தை வழி உறவினரின் பழைய சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, நிலப் பதிவு இவையே பலம். விசாரணை காரணமின்றித் தள்ளிப்போனால் மட்டும் எம்.எல்.ஏ.வை நாடுங்கள்.

இரண்டாவது கேள்விக்குக் காரணம் பட்டியலில் இருக்கிறது. மலையாளிகள் சில மாவட்டங்களில் மட்டுமே பழங்குடிகளாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். சேலம் உண்டு, ஈரோடு இல்லை. ஒரே சனம், மாவட்ட எல்லையால் உரிமை பிரிந்து கிடப்பது வேதனையானது. அரசியலமைப்பின் 342ஆவது பிரிவின்படி அந்தப் பட்டியலை மாற்ற நாடாளுமன்றத்தால்தான் முடியும். நரிக்குறவர், குருவிக்காரர் சேர்க்கப்பட்டதும் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவால்தான். இதற்கு எம்.பி.தான் சரியான ஆள்.

கேள்வி: பாலம் கேட்டுத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் பலமுறை மனுக் கொடுத்தோம். அடுத்து?

பதில்: சட்டமன்ற மனுக்கள் குழு. குழு மாவட்டத்துக்கு வருமுன் மனுக்களை வரவேற்று அறிவிப்பு வெளியாகும். நீண்டநாள் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. வழக்கமாகத் தமிழில் ஐந்து நகல்கள் கேட்பார்கள். நீதிமன்றத்தில் இருப்பது, வேலை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன் ஆகியவற்றை ஏற்கமாட்டார்கள். பழைய மனுக்களின் ரசீது எண்களைத் தேதி வரிசையில் எழுதுங்கள். குழுவின் முன் அதிகாரி பதில் சொல்லவேண்டியிருப்பதால் அந்த எண்களுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பிரதமர் நிவாரண நிதி?

பதில்: எம்.பி. பரிந்துரை இருந்தால் இணைக்கலாம். மருத்துவமனை தந்த அசல் செலவு மதிப்பீடு, வருமானச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள் வேண்டும். பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். ஏற்கெனவே கட்டிய பில்லுக்குக் கிடைக்காது, எனவே சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பியுங்கள். முதலில் அந்த மருத்துவமனை, நிவாரண நிதியின் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள்.

கேள்வி: கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. கோட்டா? ரயிலில் அவசர ஒதுக்கீடு?

பதில்: பள்ளிக் கோட்டா 2022இல் நிறுத்தப்பட்டது. வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். ரயிலுக்குக் காத்திருப்புப் பட்டியலில் உள்ள டிக்கெட் கையில் இருக்க வேண்டும், கோரிக்கை பயணத்துக்கு முந்தைய நாளே போய்ச் சேர வேண்டும். அப்போதும் உறுதியில்லை.