புறக்கோட்டை ஏன் ஒரே சிவப்பாகத் தெரிகிறது?

கேள்வி: கொழும்பில் நடந்த சங்கிலி, ஃபோன் பறிப்புச் சம்பவங்களைப் பத்திரிகைச் செய்திகளில் இருந்து திரட்டி, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில், சம்பவங்கள் நெருங்கிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும் வெப்ப வரைபடம் போட்டேன். புறக்கோட்டை ஒரே சிவப்பு. சனத்தொகையால் வகுத்தால் இன்னும் சிவக்கிறது. நகரிலேயே ஆபத்தான இடம் அதுதான் என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா? – பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். அந்தச் சிவப்பில் திருட்டு எவ்வளவு, மென்பொருளின் வேலை எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

அட்டவணையைத் திறந்து அகலாங்கு, நெட்டாங்கு நிரல்களை வரிசைப்படுத்துங்கள். ஒரே இலக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா? செய்தியில் வெறுமனே "புறக்கோட்டை" என்று இருந்தால், முகவரியைப் புள்ளியாக்கும் கருவி அத்தனையையும் ஒரே இடத்தில் குவித்துவிடும். காலி வீதி இன்னும் மோசம். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று நீளும் வீதியில் எங்கேயோ ஓரிடத்தில் புள்ளி விழும். ஆகவே இடம் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதற்குத் தனி நிரல் ஒன்று சேருங்கள்: ஒழுங்கை வரை, வீதி மட்டும், பகுதி மட்டும். வெப்ப வரைபடத்துக்கு முதல் வகை மட்டும் போதும். சலிப்பான வேலைதான், ஆனால் ஆய்வில் பாதி இதுதான்.

அப்புறம், புள்ளிகள் உள்ள அடுக்கை, மீற்றரில் அளக்கும் இலங்கைக்குரிய ஆள்கூற்று முறையான இபிஎஸ்ஜி 5235க்கு (EPSG:5235) மாற்றுங்கள். அப்போதுதான் ஆரையை, அதாவது ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எவ்வளவு தூரம் பரவும் என்பதை, மீற்றரில் கொடுக்கலாம். 200, 400 என்று மாற்றிப் பாருங்கள். ஆரை மாறியதும் காணாமல்போகும் சிவப்பை நம்பாதீர்கள். உங்கள் ஊர் மெரைன் டிரைவ் பக்கம் நிறம் கடலுக்குள்ளும் வழிந்திருக்கும். கடலில் யார் சங்கிலி அறுக்கிறார்கள்? கரையோரத்துக்குச் சேரவேண்டிய அடர்த்தி அங்கே வீணாகிறது. அதனால் கரையோர வீதிகள் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

சரி, சனத்தொகை. புறக்கோட்டையில் இரவு தங்குவோர் கொஞ்சம். பகலில் பஸ் நிலையங்களுக்கும் கோட்டை ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் வந்துபோகும் சனமோ ஏராளம். குடிசன மதிப்பீடு எண்ணுவது வசிப்பவர்களை. வீடுடைப்பு என்றால் வீடுகளின் எண்ணிக்கையால் வகுக்கலாம், பறிப்புக்கு அது பொருந்தாது. வந்துபோவோரின் கணக்கு கையில் இல்லையென்றால் வகுக்கவே வேண்டாம்; காலை, மாலை, இரவு என்று நேரவாரியாகத் தனித்தனி வரைபடம் போடுங்கள்.

தலைப்பில் "பத்திரிகைகளில் வெளியான சம்பவங்கள்" என்று கட்டாயம் இருக்கட்டும். நெரிசல் பஸ்ஸில் பறிபோன பழைய ஃபோன் செய்தியாவதில்லை. பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளைப் புள்ளியாக அச்சிடவும் வேண்டாம். கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக எண்ணிக்கை கொடுத்தாலே போதும்.