மடியில் இருந்த கனம்

கேள்வி: லண்டனில் ஒரு பள்ளியில் மாணவியைச் சோதனை போட்டதற்காக இரண்டு போலீஸ்காரர்களை வேலையை விட்டே நீக்கிவிட்டார்களாமே? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? எடுத்ததற்கெல்லாம் நிறவெறி என்று கிளம்பினால் பள்ளிக்கூடத்துக்குள் போலீஸ் எப்படி வேலை பார்க்கும்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் உங்கள் பழமொழியை எடுத்துக்கொள்கிறேன். மடி என்பது வேட்டியின் இடுப்பு மடிப்பு. வங்கியும் மணிபர்சும் இல்லாத காலத்தில் காசை முடிந்துவைத்த இடம். சந்தையில் மாட்டை விற்றுவிட்டு, மடியில் பணத்தோடு, பொழுது சாய்ந்த பிறகு ஊர் திரும்புகிறவனுக்கு வழியில் பயம் இருக்கும். யாரைக் கண்டு பயம்? திருடனைக் கண்டு. அவன் எந்தத் தப்பும் செய்யாதவன். மடியில் கனப்பது அவனுடைய சொந்தக் காசு. தப்புச் செய்யப் போகிறவன் புதருக்குப் பின்னால் நிற்கிறான். வழிப்போக்கனின் பயத்தைச் சொன்ன இந்தப் பழமொழியை யாரோ ஒரு நாள் தலைகீழாகப் பிடித்து, "தப்புச் செய்யாதவனுக்குச் சோதனை எதற்குக் கசக்கிறது?" என்று ஆக்கிவிட்டார்கள். பழமொழியை வாதமாக வைப்பவர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்கு வெகுநாள் சண்டை. "அடியாத மாடு படியாது" என்று பிரம்புக்கு வக்காலத்து வாங்கி எழுதியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: மாட்டுக்குச் சொன்னதைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். உங்களுக்கும் அதேதான். வழிப்போக்கனுக்குச் சொன்னதை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சொல்லாதீர்கள்.

அவளுடைய பெயர் வெளியிடப்படவில்லை. ஆவணங்களில் "சைல்டு கியூ". கிழக்கு லண்டனில் ஹாக்னி பகுதி, 2020 டிசம்பர். கறுப்பினப் பெண். கஞ்சா வாடை அடிக்கிறது என்று ஆசிரியர்களுக்குச் சந்தேகம். பையைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், காலணியைக்கூடப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பள்ளிகளுக்கென்றே நியமிக்கப்பட்ட காவலரிடம் யோசனை கேட்டு, பிறகு போலீஸை வரவழைத்தார்கள். மருத்துவ அறைக்குள் இரண்டு பெண் போலீஸார் அவளுடைய உடைகளைக் களைந்து சோதித்தார்கள். அன்று அவளுக்கு மாதவிடாய். அது தெரிந்தும் சோதனை நிற்கவில்லை. அவள் பக்கம் நிற்கப் பெரியவர் ஒருவர் அறைக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒருவரும் இல்லை. பள்ளி ஊழியர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். தாய்க்குத் தகவல் சொல்லவில்லை. கஞ்சாவும் கிடைக்கவில்லை.

சோதனை என்கிறீர்களே, அந்தச் சொல்லையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பரீட்சைக்கே சோதனை என்றுதான் பெயர். ஊர்ப் பாட்டிகளைக் கேட்டால் கடவுள் கொடுக்கும் கஷ்டத்துக்கும் அதே பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெண்ணைப் போலீஸார் சோதிக்க அழைத்துப் போனது ஒரு பரீட்சை அறையிலிருந்து. சோதனை முடிந்ததும் "போய் எழுது" என்று அதே அறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். என்னம்மா ஆயிற்று என்று ஓர் ஆசிரியர்கூட அவளிடம் கேட்கவில்லை. இந்த ஒரு விவரத்தைப் படித்த பிறகு எனக்கு வெகு நேரம் வேறெதுவும் ஓடவில்லை. போலீஸார் செய்ததைவிட இது என்னை அதிகம் வருத்தியது. பிள்ளையை வாசலில் ஒப்படைக்கும் தாய் நம்புவது சீருடையை அல்ல, வாத்தியாரை.

இனி நீங்கள் கேட்ட அந்த இரண்டு பேர் வேலை. சம்பவம் 2020 டிசம்பர் என்றேன். ஒழுங்கு நடவடிக்கைக் குழு, சோதித்த பெண் காவலர்களில் ஒருவரையும் உடன் வந்த ஓர் ஆண் காவலரையும் நீக்கியது 2025 ஜூனில். சோதித்த இன்னொரு பெண் காவலருக்கு இறுதி எச்சரிக்கை மட்டும். நாலரை வருடம். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பரீட்சையும் அதற்கு அடுத்த பரீட்சைகளும் போய், அவள் பதினெட்டைத் தாண்டிய பெண்ணாகிவிட்டாள். மேற்பார்வை என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்ப்பது சரி, ஆனால் எப்போது பார்ப்பது? அறைக்குள் ஒரு பெரியவர் நின்றிருந்தால் அந்த நிமிடமே மேற்பார்வை நடந்திருக்கும். நாலரை வருட விசாரணை அந்த ஒரு ஆளுக்கு ஈடாகாது.

நிறவெறி என்று கிளம்புகிறார்கள் என்கிறீர்கள். 2022 மார்ச்சில் வெளிவந்த ஹாக்னி பகுதியின் குழந்தைப் பாதுகாப்பு அறிக்கை, இந்தச் சோதனை நடந்திருக்கவே கூடாது, இதில் இனப் பாகுபாடு ஒரு காரணமாக இருந்திருக்கவே வாய்ப்பு, அது வேண்டுமென்றே செய்யப்பட்டதோ இல்லையோ, என்று சொன்னது. 2025இல் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, சோதனை அளவு மீறியது, தேவையற்றது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் இனம்தான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. ஒரே சம்பவம், இரண்டு முடிவு. குழப்பம் நம் சொல்லிலும் இருக்கிறது. நிறவெறி என்ற சொல்லுக்குள் வெறி உட்கார்ந்திருப்பதால், நாம் அந்தக் காவலர்களின் கண்ணில் வெறியைத் தேடுகிறோம். கண்ணில் வெறி இருக்காது. அமைதியாக, கையுறை மாட்டிக்கொண்டு, படிவம் நிரப்பிக்கொண்டு செய்துவிட முடியும். பாரபட்சம் என்ற பழைய சொல்லே இதற்குப் பொருந்துகிறது. ஒரு காவலரின் மனத்தைத் திறந்து பார்த்து அதை நிரூபிக்க முடியாது. கணக்கைத் திறந்தால் தெரிந்துவிடும்.

கணக்கை ஒருவர் கேட்டார். இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் ரேச்சல் டி சூசா, 2018 முதல் 2020 வரை லண்டன் பெருநகரப் போலீஸ் எத்தனை குழந்தைகளின் உடையைக் களைந்து சோதித்தது என்று வாங்கிப் பார்த்தார். 650 பேர். அதில் சிறுவர்களை மட்டும் எடுத்தால் 58 சதவீதம் கறுப்பினச் சிறுவர்கள். லண்டனின் அந்த வயதுச் சிறுவர்களில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். ஏறத்தாழ நாலில் ஒரு சோதனையில் பக்கத்தில் பெரியவர் இல்லை. பாதிக்கு மேல் சோதனைகள் எந்த நடவடிக்கையிலும் போய் முடியவில்லை. அதாவது மடியில் கனம் இல்லை! உங்கள் பழமொழிப்படி அந்தப் பிள்ளைகளுக்கு வழியில் பயம் இருந்திருக்கக் கூடாது. இருந்தது, இப்போதும் இருக்கும். இந்தக் கணக்கு அதுவரை எவர் மேசைக்கும் போகாமல் காவல் நிலையங்களிலேயே கிடந்தது என்பதுதான் என் கோபம்.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே பள்ளிக்குள்ளேயே போலீஸ்காரர் பணியில் இருப்பது சாதாரணம். 2015-16 கல்வி ஆண்டுக்கு அந்நாட்டுக் கல்வித் துறை எடுத்த கணக்கில் மாணவர்களில் கறுப்பினத்தவர் 15 சதவீதம். போலீஸிடம் ஒப்படைக்கப்பட்டவர்களிலும் கைதானவர்களிலும் 31 சதவீதம். 2019இல் ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோ நகரில் அடம்பிடித்த ஒரு கறுப்பினச் சிறுமியைப் பள்ளிக் காவலர் கைது செய்தார். பிளாஸ்டிக் பட்டையால் கையைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுங்கள் என்று அவள் அழுதது போலீஸ் கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. வயது ஆறு. மடிக்கு இன்னொரு பொருள் இருக்கிறதல்லவா, அந்த மடியில் உட்கார்ந்து சோறு உண்ணும் வயது. அந்தக் காவலர் சில நாட்களில் நீக்கப்பட்டார். அதன் பிறகு 2021இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: கொடிய வன்குற்றங்கள் தவிர, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கைது செய்யக் கூடாது. ஏழு! எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை.

பள்ளிக்குள் போலீஸ் எப்படி வேலை பார்க்கும் என்று கேட்டீர்கள். துப்பாக்கியோடு ஒருவன் வந்தால் போலீஸ் வரட்டும், ஓடி வரட்டும். கஞ்சா வாடைக்கும் அடம்பிடிப்பதற்கும் வரவேண்டியவர்கள் தாயும் தகப்பனும். அதற்கு ஒரு போன் போதும். ஹாக்னியில் காவலரிடம் யோசனை கேட்கவும் போலீஸை வரவழைக்கவும் போனை எடுத்த பள்ளி, அந்தத் தாயை மட்டும் கூப்பிடவில்லை. நடந்ததை அவர் தெரிந்துகொண்டது வீட்டுக்கு வந்த மகள் சொல்லித்தான்.

இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், அப்படியே போடுகிறேன். பழமொழி மட்டும் வேண்டாம்.